காய்ச்சல் வந்தால் வைரஸைப் பட்டினி போடலாமா?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகி நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 41. வீட்டோடு விசைத்தறிப் பட்டறை. வீட்டுக்காரருக்கு 47 வயது, ஆறு வருடமாகச் சர்க்கரை, ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்திருக்கிறது, டிரைகிளிசரைடும் 290. போன ஐப்பசியில் அவருக்கு டெங்கு வந்து, தட்டணு 38,000 வரை இறங்கி, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்து தேறி வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்த அடுத்த வாரமே கொழுப்புப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். கெட்ட கொழுப்பு 124 இருந்தது 61 ஆகிவிட்டது. "காய்ச்சல் கொழுப்பைக் கரைச்சிடுச்சு" என்று சொல்லி அன்றைக்கு நிறுத்திய கொழுப்பு மாத்திரையை அவர் இன்றுவரை தொடவில்லை.

இதற்கு நடுவில் கொழுந்தனார் கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டியிருக்கிறார். வைரஸ் நம் உடம்பின் கொழுப்பையும் சர்க்கரையையும் தின்றுதான் பெருகுகிறது, அதனால் காய்ச்சல் வந்த உடனே மூன்று நாள் வெறும் தண்ணீரோடு இருந்தால் வைரஸ் பட்டினியில் செத்துவிடும் என்று அதில் சொல்கிறார்களாம். இந்த மழைக்காலத்தில் மறுபடி காய்ச்சல் வந்தால் அப்படித்தான் செய்யப்போவதாக அண்ணனும் தம்பியும் முடிவு செய்துவிட்டார்கள். வாசகி கேட்பது: வைரஸ் கொழுப்பைத் தின்பது உண்மையா, பட்டினி சரியா, கொழுப்பு மாத்திரையே வைரஸைக் கொல்லும் என்கிறார்களே அது நிஜமா, காலையில் வெறும் வயிற்றில் தேங்காய் எண்ணெய் குடிக்கலாமா, கல்லூரி விடுதியில் இருக்கும் ஒல்லியான மகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமா. கடைசியாக, மழை முடியும்வரை எல்லோரும் ஏற்காட்டில் நாகலூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்றும் ஒரு வரி.

அம்மா, உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது வைரஸ் இல்லை, நீங்கள் ஓரத்தில் எழுதியிருந்த மாத்திரைப் பட்டியல். அதற்குக் கீழே வருகிறேன். இந்தப் பதிலில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் அந்தப் பகுதியை மட்டும் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டிவிடுங்கள்.

வைரஸ் கொழுப்பைத் தின்கிறதா?

கொழுந்தனார் பார்த்த வீடியோவில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைச் சரியாகப் புரிந்துகொண்டால் மீதிப் பாதி ஏன் தவறு என்று தானாகவே விளங்கிவிடும்.

உங்களுக்குத் தெரிந்த தொழிலை வைத்தே சொல்கிறேன். வைரஸ் என்பது ஜக்கார்டு டிசைன் அட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குள் நுழைகிற ஆள் மாதிரி. அவனிடம் தறி கிடையாது, நூல் கிடையாது, கரண்ட் கனெக்‌ஷனும் கிடையாது. டெங்கு வைரஸின் அட்டை ஏறக்குறைய 10,700 எழுத்து நீளமுள்ள ஒரு ஆர்.என்.ஏ இழை, அதிலிருந்து கிடைப்பது மொத்தம் 10 புரதங்கள். அந்தப் பத்தில் ஒன்றுகூடச் சொந்தமாகச் சக்தி தயாரிக்காது. இழையை நகலெடுக்க, புரதம் செய்ய, புதிய வைரஸைக் கட்டி வெளியே அனுப்ப என்று எல்லாவற்றுக்கும் நம் செல்லின் ஏ.டி.பி.யைத்தான், அதாவது மைட்டோகாண்ட்ரியா தயாரித்து வைக்கும் சக்தியைத்தான் அது எடுத்துக்கொள்கிறது.

கொழுப்பு எதற்கு என்றால், டெங்கு வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்புறை இருக்கிறது, அது நம் செல்லுக்குள் இருக்கும் சவ்விலிருந்து கிள்ளி எடுத்தது. அந்தச் சவ்வை மடித்துச் சின்னச் சின்ன அறைகள் செய்து அவற்றுக்குள்தான் அது நகலெடுக்கிறது. சவ்வு நிறைய வேண்டும் என்றால் கொழுப்பமிலம் நிறைய வேண்டும். அதனால் செல்லின் கொழுப்பமிலம் தயாரிக்கும் என்சைமையே டெங்குவின் ஒரு புரதம் தன் அறைப் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இன்னொரு பக்கம், செல் சேமித்து வைத்திருக்கும் கொழுப்புத் துளிகளை உடைக்க வைத்து, அதிலிருந்து வரும் கொழுப்பமிலத்தை மைட்டோகாண்ட்ரியாவில் எரித்துச் சக்தியாக்கிக்கொள்கிறது. இவை இரண்டும் 2010இல் ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்ட விஷயங்கள்.

ஹெபடைடிஸ் சி இதிலும் ஒரு படி மேலே போகிறது. அந்த வைரஸ் கல்லீரல் செல்லில் கொழுப்புத் துளியின் மேலேயே உட்கார்ந்துதான் உருவாகிறது, ரத்தத்தில் போகும்போது நம் கொழுப்புப் புரதத்தோடு சேர்ந்தே போகிறது. அதன் ஒரு வகை, மூன்றாம் வகை, கல்லீரலில் கொழுப்பு படிவதற்கே நேரடிக் காரணமாகிறது. கொரோனாவும் இதே குடும்பப் பழக்கம்தான், அது கொழுப்புத் திசு செல்களுக்குள்ளேயே நுழைந்து பெருகுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் கொழுப்பை நிறுத்தினால் வைரஸ் நின்றுவிடாதா?

சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும்

நிற்காது. வைரஸ் பிடித்துக்கொள்ளும் கொழுப்பு நாம் நேற்றுத் தின்ற வடையிலிருந்து போனதல்ல. செல் அதைத் தானே தயாரித்துக்கொள்ளும், சர்க்கரையிலிருந்தும் தயாரிக்கும். நீங்கள் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் சேமித்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய தீர்ந்துபோகும், அதற்கப்புறம் உடம்பு தொப்பையிலும் தொடையிலும் இருக்கும் கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் விடும். அந்தக் கொழுப்பமிலம் நேராகப் போய்ச் சேரும் முக்கியமான இடம் கல்லீரல். ஆக, பட்டினி இருந்தால் டெங்கு தாக்குகிற அதே கல்லீரலுக்குக் கொழுப்பமிலம் போவது கூடத்தான் செய்யும். வைரஸைப் பட்டினி போடுவதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்காரரைத்தான் பட்டினி போடுவீர்கள்.

அந்த நேரத்தில் அவருக்குச் சக்தி தேவைப்படுவதும் அதிகம். உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் சக்திச் செலவு 10 சதவீதத்துக்கு மேல் ஏறுகிறது. வைரஸோடு சண்டைக்குப் போகும் டி செல்கள் சும்மா இருக்கும்போது கொஞ்சம் எரிபொருளோடு ஓட்டிவிடும், வேலை தொடங்கிவிட்டால் சர்க்கரையை வேகவேகமாக இழுத்துக்கொண்டுதான் பெருகும். வைரஸும் நம் படையும் ஒரே அடுப்பில்தான் சமைக்கிறார்கள், ஒருவருக்கு மட்டும் அணைக்க வழியில்லை.

எலிகளில் இதைச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ருஸ்லான் மெட்ஷிட்டோவ் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், இன்ஃப்ளூயன்சா வைரஸ் தொற்றிய எலிகளுக்கு உணவு கொடுத்தது உயிரைக் காத்தது, குளுக்கோஸ் பயன்பாட்டைத் தடுத்தபோது அதிகம் செத்தன. பாக்டீரியா தொற்றியபோது நேர் எதிர், உணவு கொடுத்தது கெடுதலானது. மூன்று வருடம் கழித்து அதே பல்கலைக்கழகத்திலிருந்து வேறொரு ஆய்வு வந்தது. மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய கீட்டோ உணவை இன்ஃப்ளூயன்சா தொற்றும் முன்பிருந்தே தின்ற எலிகள் நன்றாகத் தாக்குப்பிடித்தன. வீடியோக்காரர்கள் இந்த இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கவனியுங்கள், அந்த எலிகளுக்குச் சாப்பாடு கிடைத்துக்கொண்டுதான் இருந்தது, அவை சர்க்கரை மாத்திரை எதுவும் தின்னவும் இல்லை. கூண்டில் இருக்கும் இளம் எலியின் இன்ஃப்ளூயன்சாவை அம்மாபேட்டையில் தறி ஓட்டும் 47 வயதுச் சர்க்கரைக்காரரின் டெங்குவுக்குப் பொருத்துவது எந்த விதத்திலும் நியாயமில்லை.

காய்ச்சலில் பசி குறைவது இயல்பு. வற்புறுத்தித் திணிக்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாக அரிசிக் கஞ்சி, மோர், ரசம் சாதம், இட்லி, வேக வைத்த முட்டை, எது இறங்குகிறதோ அது. நம்மூரில் காய்ச்சல் என்றாலே ஜவ்வரிசிக் கஞ்சி வைப்போம், அது ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து, சர்க்கரையைச் சட்டென ஏற்றும், அதனால் சொம்பு நிறையக் கொடுக்காமல் ஒரு சின்ன டம்ளர், மோர் கலந்து கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். கரைசலில் சர்க்கரை இருக்கிறதே என்று பயந்து பல சர்க்கரைக்காரர்கள் அதைத் தொடுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டரில் இருப்பது 13.5 கிராம் குளுக்கோஸ்தான், ஒரு டம்ளருக்கு மூன்று கிராமுக்கும் கீழே. தைரியமாகக் குடிக்கலாம். பழ ருசியில் அட்டைப் பெட்டியில் விற்கும் பானம் வேறு, அது வேண்டாம்.

அந்த மூன்று மாத்திரைகள்

வீட்டுக்காரர் சர்க்கரைக்குப் போடுவதாக மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டாபாக்ளிஃப்ளோசின் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றையும் போட்டுக்கொண்டு மூன்று நாள் தண்ணீரோடு மட்டும் இருந்தால் வைரஸ் என்ன செய்யும் என்பது இரண்டாவது கேள்வியாகிவிடும்.

டாபாக்ளிஃப்ளோசின் நல்ல மாத்திரை, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்வது. அது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகிறது. சாப்பாடும் இல்லாமல் சர்க்கரையும் சிறுநீரில் போய்க்கொண்டிருந்தால் உடம்பு முழு மூச்சாகக் கொழுப்புக்கு மாறும், கல்லீரல் கீட்டோன் என்ற அமிலத்தைக் கொட்டத் தொடங்கும். காய்ச்சல் அதற்கு இன்னும் வேகம் கொடுக்கும். ரத்தம் அமிலமாகிவிடும் இந்த நிலை உயிருக்கே ஆபத்து. வழக்கமாக இது வரும்போது சர்க்கரை 400, 500 என்று காட்டிக்கொடுத்துவிடும். இந்த மாத்திரை போடுகிறவர்களுக்கு 180, 200 என்று அமைதியாகக் காட்டும், வீட்டில் எல்லோரும் "சர்க்கரை நல்லாத்தானே இருக்கு" என்று உட்கார்ந்திருப்பார்கள். அறிகுறி என்று பார்த்தால் வாந்தி, வயிற்று வலி, வேக மூச்சு, தள்ளாட்டம். டெங்கு முற்றுகிறபோது வரும் அறிகுறிகளும் ஏறக்குறைய இவையேதான். எது எது என்று வாசலில் நிற்கிற டாக்டருக்கே உடனே பிரித்துச் சொல்ல முடியாது, மாத்திரைப் பெயரை நீங்கள் சொன்னால்தான் கீட்டோன் பார்க்க வேண்டும் என்றே தோன்றும். இன்னொன்று, டெங்குவில் சிறுநீர் நன்றாகப் போகிறதா என்பதை வைத்துத்தான் நீர்ச்சத்து போதுமா என்று பார்ப்போம். இந்த மாத்திரை நீர் வற்றிய உடம்பிலும் சிறுநீரைப் போக வைத்து நம்மை ஏமாற்றிவிடும்.

கிளிமிபிரைடு வேறு மாதிரி. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைக்கும். பட்டினியில் தாழ்சர்க்கரை வந்து வேர்த்து விழலாம், இரவில் என்றால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. மெட்ஃபார்மினில் அந்தப் பயம் குறைவு, ஆனால் வாந்தி எடுத்து நீர் வற்றிச் சிறுநீரகம் தளர்ந்தால் அதுவும் ரத்தத்தில் அமிலம் சேர வழி செய்யும்.

அதனால் காய்ச்சல் வந்த முதல் நாளே உங்கள் சர்க்கரை டாக்டருக்குப் போன் பண்ணிக் கேளுங்கள். சரியாகச் சாப்பிட முடியாத நாளிலும், வாந்தி பேதி இருக்கும் நாளிலும் டாபாக்ளிஃப்ளோசினை நிறுத்தி வைப்பது பொதுவான நடைமுறை. நீர் வற்றினால் மெட்ஃபார்மினையும் நிறுத்துவோம், கிளிமிபிரைடைச் சாப்பாட்டுக்குத் தக்கபடி குறைப்போம் அல்லது நிறுத்துவோம். ஒன்றிரண்டு நாள் வழக்கம்போல் சாப்பிட்டுத் தெளிந்த பிறகு திரும்பத் தொடங்குவது. அதற்கு நடுவில் நாளைக்கு நான்கு முறையாவது விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்சுலினை மொத்தமாக நிறுத்திவிடக் கூடாது, அது வேறு கணக்கு.

காய்ச்சல் மாத்திரையிலும் இதே சங்கதி உண்டு. பாராசிட்டமால் 500 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். அது உடம்பில் உடையும்போது கொஞ்சம் நச்சு உண்டாகும், அதை முறிக்கக் கல்லீரல் குளூட்டாதயோன் என்ற பொருளைக் கையிருப்பில் வைத்திருக்கிறது. பட்டினி கிடந்தால் அந்தக் கையிருப்பு கரைந்துபோகும். ஏற்கெனவே கொழுப்பு படிந்து, டெங்குவிலும் வீங்கிய கல்லீரலுக்கு இது மூன்றாவது அடி. இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், வலிக்கு மெடிக்கலில் கொடுக்கும் கலவை மாத்திரை எதையும் டெங்கு இல்லை என்று தெரியும்வரை தொடவே கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டும்.

61 என்று வந்த ரிப்போர்ட்

காய்ச்சல் கொழுப்பைக் கரைத்தது என்று வீட்டுக்காரர் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை, காகிதத்தில் எண் அப்படித்தானே இறங்கியிருக்கிறது. ஆனால் எந்தக் கடுமையான தொற்றிலும் ரத்தத்தில் கொலஸ்டிரால் இறங்கும். கல்லீரல் தயாரிப்பைக் குறைக்கும், ரத்தக் குழாய்ச் சுவர் கசியும்போது அந்தக் கொழுப்புப் புரதங்களும் வெளியே போகும். டெங்கு கடுமையானவர்களுக்குக் கெட்ட கொழுப்பு மற்றவர்களைவிட இன்னும் கீழே இறங்குவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆக அந்த 61 அவருக்குக் காய்ச்சல் எவ்வளவு பலமாக இருந்தது என்பதைத்தான் சொல்கிறது, ரத்தக் குழாய் சுத்தமாகிவிட்டது என்றல்ல. டிரைகிளிசரைடு இதற்கு மாறாகத் தொற்றின்போது ஏறும், உங்கள் கடிதத்திலேயே பாருங்கள், அதே ரிப்போர்ட்டில் அது 340.

உடம்பு தேறி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எடுத்தால்தான் இந்தப் பரிசோதனைக்கு அர்த்தம். போன ஐப்பசியிலிருந்து இப்போதுவரை மாத்திரை இல்லாமல் ஓட்டியிருக்கிறார் என்றால் அது பழைய இடத்துக்கோ அதற்கு மேலோ போயிருக்கும். 40 வயது தாண்டிய சர்க்கரைக்காரருக்கு ஸ்டாடின், அதாவது அவர் நிறுத்திய அந்தக் கொழுப்பு மாத்திரை வகை, கொடுப்பது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்க. இந்த வாரமே டாக்டரைப் பார்த்துத் திரும்ப ஆரம்பியுங்கள். மறுபடி டெங்கு வந்து கல்லீரல் என்சைம் மிக அதிகமாக ஏறினால் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள், அதை டாக்டர் சொல்லட்டும்.

கொழுப்பு மாத்திரை வைரஸைக் கொல்லுமா

ஆய்வுக்கூடத் தட்டில் கொல்கிறது, அல்லது குறைந்தபட்சம் பெருகவிடாமல் செய்கிறது. அங்கேயிருந்துதான் இந்த நம்பிக்கை பிறந்தது. அதை மனிதர்களிடம் நேர்மையாகச் சோதித்தும் பார்த்தார்கள். வியட்நாமில் டெங்கு வந்த 300 பெரியவர்களில் ஒரு பாதிக்கு லோவாஸ்டாடினும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள், 2016இல் முடிவு வந்தது. மாத்திரையால் கெடுதல் இல்லை, ஆனால் ரத்தத்தில் வைரஸும் குறையவில்லை, நோயின் போக்கும் மாறவில்லை. கொரோனா காலத்தில் ஃபெனோஃபைப்ரேட், அதாவது டிரைகிளிசரைடுக்குக் கொடுக்கும் மாத்திரை, ஆய்வுக்கூடத்தில் பிரமாதமாக வேலை செய்தது. நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்தபோது பலனில்லை என்று 2022இல் தெரிந்தது.

ஏன் இப்படி? தட்டில் போடும் அளவு நம் ரத்தத்தில் வராது. அப்புறம் நேரம். டெங்குவில் ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருப்பது முதல் சில நாட்களில், ஆள் ஆஸ்பத்திரிக்கு வருகிற நேரத்தில் அது இறங்கத் தொடங்கிவிட்டிருக்கும், மிச்சமிருப்பது ரத்தக் குழாய்க் கசிவு. மூன்றாவது காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. செல்லுக்குள் கொலஸ்டிராலை ஒதுக்கி வைரஸுக்குக் கதவடைக்கும் வேலையை நம் உடம்பே செய்துகொண்டிருக்கிறது. வைரஸ் வந்துவிட்டது என்று செல்கள் அனுப்பும் எச்சரிக்கையான இன்டர்ஃபெரான் சமிக்ஞை கிடைத்ததும் நம் விழுங்கு செல்கள் 25-ஹைட்ராக்சி கொலஸ்டிரால் என்ற பொருளைத் தயாரித்து, சுற்றியிருக்கும் செல்களின் சவ்வை வைரஸ் நுழைய முடியாதபடி மாற்றுகின்றன. எந்தச் செல்லில், எந்த மணி நேரத்தில், எவ்வளவு என்று அளந்து நடக்கிற வேலை அது. மேலிருந்து ஒரு மாத்திரை போட்டு அதைவிடச் சிறப்பாகச் செய்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கொழுப்போடு மிக நெருக்கமாக வாழும் ஹெபடைடிஸ் சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கடைசியில் வென்றது கொழுப்பு மருந்து இல்லை. வைரஸ் தன் இழையை நகலெடுக்கும் என்சைமை நேராகத் தாக்கும் சோஃபோஸ்புவிர் போன்ற மருந்துகள் வந்து, பெரும்பாலானவர்களுக்கு 12 வாரத்தில், 95 சதவீதத்துக்கு மேல் குணமாகிறது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு இதை இலவசமாகவே கொடுக்கிறது. டெங்குவுக்கு அப்படி ஒரு மருந்து இன்னும் கைக்கு வரவில்லை.

தேங்காய் எண்ணெய் பற்றி ஒரே வரி. அதிலிருந்து வரும் மோனோலாரின் சோதனைக் குழாயில் சில வைரஸ்களின் கொழுப்புறையைக் கரைக்கும், வயிற்றுக்குள் போன எண்ணெய் அப்படியே ரத்தத்தில் ஓடுவதில்லை. டிரைகிளிசரைடு 290 இருக்கிறவர் தினமும் குடிக்கிற பொருள் அல்ல அது, தாளிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு, அப்புறம் மழைக்கு முன்னால் உள்ள வேலை

ஒல்லியாக இருப்பவர்களுக்கும் டெங்கு வரும், கொசு எடை பார்த்துக் கடிப்பதில்லை. வந்த பிறகு கடுமையாகும் வாய்ப்பு பருமனானவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் கூடுதல் என்று தெரிகிறது. 2009இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது பருமன் ஒரு பெரிய ஆபத்துக் காரணம் என்று கவனித்தார்கள், கொரோனாவிலும் அதையே பார்த்தோம். கொழுப்புத் திசு எப்போதும் ஒரு மெல்லிய அழற்சியைக் கிளப்பிக்கொண்டே இருக்கிறது, இன்டர்ஃபெரான் சமிக்ஞை தாமதமாகிறது, ரத்தக் குழாயின் உட்சுவர் முன்பே தளர்ந்திருக்கிறது. அதே சமயம் உங்கள் மகள் விடுதியில் காலையில் டீயும் பிஸ்கட்டும், மதியம் பாதிச் சாப்பாடு என்று ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள், அதுவும் நல்லதில்லை. உடம்பில் கொழுப்பு மிகவும் குறைந்தால் லெப்டின் என்ற ஹார்மோன் குறையும், டி செல்களின் பலமும் குறையும். அவளுக்கு முட்டை, பயறு, கடலை என்று புரதம் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள், ரத்தச்சோகை இருக்கிறதா என்று ஒரு தரம் பாருங்கள். மெலிந்திருப்பதைப் பாதுகாப்பு என்று அவளிடம் சொல்லவே வேண்டாம்.

வீட்டுக்காரருக்குச் செய்ய வேண்டியது காய்ச்சல் வராத மாதங்களில்தான் இருக்கிறது. எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு கணிசமாக இறங்கும். இரவு பத்து மணிக்குத் தறியை நிறுத்திவிட்டு வந்து தட்டுவடை செட்டும் அப்புறம் பரோட்டாவும் என்கிற வழக்கத்தை முதலில் மாற்றுங்கள். ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மறுபடி போய்த் தறி ஓட்டட்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் என்சைம் மூன்றையும் இப்போது ஒரு தரம் பார்த்து எழுதி வையுங்கள்.

தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். காவிரித் தண்ணீர் வருகிற அன்று பிடித்து வைக்கும் டிரம், பட்டறைக்குப் பின்னால் நூலை நனைக்கும் தொட்டி, இவைதான் டெங்குக் கொசுவின் வீடு. தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது. கொசு முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, டிரம்மின் உட்சுவரில் மிளகுத்தூள் ஒட்டினாற்போல் ஒட்டியிருக்கும், காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து தண்ணீர் பட்டதும் பொரியும். வாரம் ஒரு தரம் தேங்காய் நாரால் சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவி, மூடியையோ துணியையோ இறுகக் கட்டுங்கள். அது பகலில் கடிக்கும் கொசு, ராத்திரி கொசுவத்தி மட்டும் காப்பாற்றாது.

கொழுப்பைப் பறித்து டெங்குவை மடக்கும் யோசனை ஒரு இடத்தில் வேலை செய்வதாகத் தெரிகிறது, அது கொசுவின் உடம்பு. வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவைக் கொசுவுக்குள் புகுத்தினால் அதற்கும் கொலஸ்டிரால் வேண்டும், வைரஸுக்கும் வேண்டும், அந்தப் போட்டியில் வைரஸ் பின்தங்குகிறது என்பது ஒரு விளக்கம். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அப்படிப்பட்ட கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது என்று 2021இல் வெளியிட்டார்கள். நம் பக்கத்தில் புதுச்சேரியில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி மையமும் 2022இல் இந்த வகைக் கொசுக்களை உருவாக்கிவிட்டதாக அறிவித்தது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இருக்கிறது, நம் தெருக்களுக்கு வரும்வரை நார்தான் கதி.

நாகலூருக்குப் போவதைப் பற்றி. போய் வாருங்கள், ஆனால் டெங்குவுக்கு ஒளிந்துகொள்ள என்று தறியை நிறுத்திவிட்டுப் போக வேண்டாம். இங்கே கடி வாங்கிக்கொண்டு போனால் நான்கு முதல் பத்து நாள் கழித்து அங்கே காய்ச்சல் வரும். டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் அடிக்கும் நாட்கள் அல்ல, மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாட்கள். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று மலையிலேயே இருந்துவிட்டு, ராத்திரியில் வயிற்று வலியோடு இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வருவதுதான் நான் பயப்படும் பயணம். விடாத வயிற்று வலி, அடுத்தடுத்து வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கருப்பாக மலம், எழுப்பினால் எழாத சோர்வு, கை கால் சில்லிடுவது, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் தட்டணு எவ்வளவு என்று காத்திருக்காமல் சேலம் அரசு மருத்துவமனைக்கோ பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ வந்துவிடுங்கள். அவருக்கு ஏற்கெனவே ஒரு தரம் வந்துவிட்டதால் அடுத்தது வேறு வகை டெங்குவாக இருந்தால் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல். எனவே இந்த மழையில் காய்ச்சல் வந்தால் முதல் நாளே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட வேண்டும், அப்போது ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டும் ஹெமட்டோகிரிட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், மாத்திரை அட்டைகள் மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.